காரணம் எழுதும் நோட்டு

என் மனைவி இன்னொரு வாத்தியாரிடம் கணக்குப் படிக்கப் போகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? இருபத்தாறு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'நூத்துக்கு நூறு' என்றே பெயர். பரீட்சை நெருங்கினால் பெற்றவர்கள் என் வீட்டு வாசலில் வந்து தவம் கிடப்பார்கள். அப்படிப்பட்டவன் வீட்டிலிருந்து வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு, இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை. பதினான்கு வருடமாக எழுத்தர். கிடங்குக்குப் பொறுப்பாளர் ஆக வேண்டுமென்றால் துறைத் தேர்வில் கணக்குத் தாளில் ஐம்பது மார்க் வாங்க வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு தடவை எழுதியாயிற்று. முதலில் நாற்பத்தாறு, அடுத்து நாற்பத்து மூன்று. இதுவும் போனால், அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழேயே கடைசிவரை சீட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டு தடவையும் சொல்லிக்கொடுத்தவன் நான். அதில் என்ன குறை? வரக்கூடிய கேள்விகள் அறுபதைப் பொறுக்கி எடுத்தேன். ஒரு கணக்குக்கு இரண்டு நிமிடம். கையில் கடிகாரத்தோடு அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். தப்பு வந்தால் அடுத்த வரிக்கு விட மாட்டேன், அந்த இடத்திலேயே விரலை வைத்துவிடுவேன். ஒரு மனிதன் இதைவிட என்ன செய்ய முடியும்?

"என்கிட்ட என்ன குறைச்சல்?" என்று அவளிடமே கேட்டேன்.

"குறைச்சல்னு யாரு சொன்னா? அங்க என்னை மாதிரி வேலைக்குப் போறவங்க படிக்கிறாங்க. அதான்."

"அந்த ஆளுக்கு என்ன, தலையில ரெண்டு கொம்பா?"

"கொம்பெல்லாம் இல்ல. நல்லா சிரிப்பாரு" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

சிரிக்கிறாராம்! கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கே அந்த ஆளுக்குச் 'சிரிப்பு சார்' என்று பெயர் வைத்தேன்.

இரண்டாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு நடப்பது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். கேள்வித்தாள் பிரதி எடுக்கிற சாக்கில் போய், சத்தம் போடாமல் படியேறி ஜன்னல் ஓரமாக நின்றேன். உள்ளே ஒன்பது பேர். ஒரு நர்ஸ், சீருடையோடு ஒரு பஸ் கண்டக்டர், எல்லாம் என் வயசுக்காரர்கள். சிரிப்பு சார் என்னைவிடக் குட்டை. வழுக்கை வேறு. அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் அந்த ஆள் பாடமே நடத்தவில்லை. கடைசி பெஞ்சில் ஹாயாக உட்கார்ந்திருந்தார். படிக்க வந்தவர்கள்தான் ஒவ்வொருவராகப் பலகைக்குப் போய், தான் போட்ட தப்பைத் தானே எழுதிக் காட்டினார்கள். என் மனைவியும் போனாள். சாக்பீஸால் ஒரு வரியைச் சுழித்து, "இங்கதான் கோட்டை விட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருடம் இதே கணக்குக்கு என் எதிரில் அவள் மூக்கைச் சிந்தி அழுதாள். அங்கே சிரிப்பு, இங்கே அழுகையா? பிரதி எடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்படியே ஒரு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். பை நாற்காலியில் கிடந்தது. நோட்டை எடுத்தேன், சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். அந்த ஆள் கவனிக்காமல் விட்ட தப்பு ஒன்றாவது இருக்கும், பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

இடப்பக்கம் தப்பாகப் போட்ட கணக்கு, வலப்பக்கம் 'காரணம்' என்று ஒரு கட்டம். முதல் பக்கத்திலேயே அந்த ஆளின் கையெழுத்து: "கவனக்குறைவு என்று எழுதாதீர்கள். அது காரணம் இல்லை." எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தாளில் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருப்பேன்!

புரட்டினேன். "காரணம்: கேள்வியை ஒரு தடவைதான் படித்தேன்." "காரணம்: பசி." இன்னும் நாலு பக்கம் தள்ளி இது இருந்தது:

"ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரியும். ஐம்பத்து நான்கு என்று எழுதினேன். காரணம்: வீட்டுக்காரர் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. அவர் மூச்சை இழுத்தால் நான் தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம். பரீட்சை ஹாலிலும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். அது கேட்காவிட்டால் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரிவதில்லை."

மூன்று தடவை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது வெட்கம் இல்லை. பொறாமைதான். பத்தொன்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்துகிறவனிடம் சொல்லாததை, நேற்று முளைத்த ஒருவனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

தலையில் துண்டோடு வந்து நின்றாள். "ஏங்க, அது என் நோட்டு."

"இத அந்தாளுகிட்ட காட்டினியா?"

"காட்டாம? அதுக்குத்தானே எழுதறது."

"என்னப் பத்தி அங்க எல்லாரும் படிச்சுச் சிரிக்கட்டும்னா?"

"உங்களப் பத்தி இல்லங்க. என் தப்பப் பத்தி."

"அதப் படிச்சுட்டு என்ன சொன்னான் உன் சார்?"

"இத நீங்க வீட்டுக்காரர்கிட்டதாம்மா சொல்லணும்னாரு." அவள் குரல் இறங்கியது. "மூணு வாரமா சொல்லப் பாக்கறேன். வாயே வரல."

நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "பரீட்சைக்கு இன்னும் அஞ்சு நாள்தான். இருக்கறதுன்னா எதிர்ல உக்காருங்க. பேசக் கூடாது. மூச்ச இழுக்கக் கூடாது. முடியலன்னா கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வாங்க."

என் வீட்டில், என்னிடமே! சுர்ரென்று கோபம் வந்தது. வாசல்வரை போனேன். பிறகு திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

கேள்வியைத் தலைகீழாகப் படித்தேன். நாற்பத்தெட்டு பெட்டி மாத்திரை வந்தது, ஆறு பெட்டி நனைந்து வீணாயிற்று. ஒரு பெட்டியில் பன்னிரண்டு அட்டை, அட்டைக்குப் பத்து மாத்திரை. நாளுக்கு முந்நூற்று அறுபது செலவானால் எத்தனை நாள் வரும்? அவள் மளமளவென்று நாற்பத்தெட்டைப் பெருக்கினாள். நனைந்த ஆறு பெட்டியைக் கழிக்கவே இல்லை! என் விரல் தானாகவே மேசைமேல் எழுந்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள். ஐயாயிரத்து எழுநூற்று அறுபது என்றே எழுதினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

வகுக்கப் போனவள் நிறுத்தினாள். கேள்வியை முதலிலிருந்து மறுபடி படித்தாள். 'நனைந்து' என்ற இடத்தில் பேனா நின்றது. உதட்டைக் கடித்தாள், பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டாள். மூன்று வரியையும் ஒரே கோடாக அடித்துவிட்டு நாற்பத்திரண்டில் தொடங்கினாள். பதினான்கு நாள்.

சரியா என்று என் முகத்தைப் பார்ப்பாள் என்று இருந்தேன். பார்க்கவே இல்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். தன் தப்பைத் தானே பிடிக்கும்போது அவள் முகம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வழுக்கைத் தலையன் இதை வாரத்துக்கு மூன்று நாள் பார்க்கிறான்.