தங்கச்சிக்கு வாங்கின போர்டு

கோகிலவாணிக்கு வயித்தெரிச்சல்தான். மூடி மறைச்சு என்ன ஆகப்போவுது? சித்தப்பா மகள் ராதிகாவுக்குப் பெங்களூரு ஸ்கேட்போர்டு போட்டியில ஆட அழைப்பு வந்த நாள்ல இருந்து அவளுக்குச் சோறு இறங்கல. ஊரே ராதிகா, ராதிகான்னு கூவுது. பஸ்ல ஏறினா கண்டக்டர் கேக்கறார், ரேஷன் கடை க்யூவுல நிக்கறவங்க கேக்கறாங்க. "உன் தங்கச்சியாமே அது!" ஆமாங்க, என் தங்கச்சிதான், அதுக்கு என்னாங்க இப்ப?

காரிமங்கலத்துக்குப் பக்கத்துல இருக்கிற அந்தச் சின்ன ஊர்ல முதமுதல்ல சக்கரப் பலகையில கால் வெச்சது யாரு? கோகிலவாணி. மாமா மகன் விட்டுட்டுப் போன பழைய போர்டை எடுத்து, ராகி காய வைக்கிற சிமெண்டுக் களத்துல போட்டு, முட்டி தேய முட்டி தேயப் பழகினவ. ராதிகா அப்ப ஓரமா உக்காந்து கடலை தின்னுக்கிட்டு வேடிக்கை பாத்தவ. "அக்கா, எனக்கும் ஒருவாட்டி"ன்னு கெஞ்சினப்பக் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டதும் இவதான். பயமே இல்லாத பிறவி அது, கொஞ்ச மாசத்துல அக்காவைத் தாண்டிப் பறந்துச்சு. களத்து மேட்டுல இருந்து போர்டோட அவ குதிச்சு இறங்கினதை வீடியோ எடுத்து நெட்ல போட்டது யாருங்கறீங்க? அதுவும் இந்த மகராசிதான். அதைப் பாத்துத்தான் அழைப்பே வந்துச்சு. சொந்தக் கையாலயே தனக்குக் குழி வெட்டிக்கிட்டாப்ல ஆச்சு.

இது பத்தாதுன்னு இன்னொண்ணு நடந்துச்சு பாருங்க. பெங்களூருல கம்பெனி வேலையில இருக்கிற ராதிகாவோட அண்ணன் கோகுல்ராஜ் போன் பண்ணினான். போட்டிக்குப் புது போர்டு வாங்கித் தர்றானாம். ரெடிமேடு வேண்டாமாம், அவளுக்கு ஒத்த மாதிரி ஒவ்வொரு பார்ட்டா பாத்துச் சொன்னா அவன் ஆர்டர் போட்டுருவானாம். ராதிகா நேரா பெரியப்பா வூட்டுக்கு ஓடியாந்தா.

"அக்கா, எனக்கு அந்த எழவெல்லாம் புரியலக்கா. நீயே பாத்துப் போட்டுடு."

எப்படி இருக்கும் கோகிலவாணிக்கு? ரெண்டு வருஷமா மனசுக்குள்ளயே பூட்டிப் பூட்டி அவ பாத்துக்கிட்டிருந்த போர்டு அது. எந்தப் பலகை, எந்த அச்சு, எந்தச் சக்கரம், எல்லாம் மனப்பாடம். அப்பாகிட்ட ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டதுக்கு, "கட்டிக்கொடுக்கிற வயசுல பலகை மேல ஏறி ஆடப்போறியா?"ன்னுட்டார். இப்ப அதே போர்டைத் தங்கச்சிக்குப் பொறுக்கித் தரணுமாம். நல்லா இருக்குது நியாயம்!

"கால் அளவு வேணும்டி. அதை வெச்சுத்தான் பலகை அகலம்"னா.

ராதிகா செருப்பைக் கழட்டித் திருப்பிப் பாத்தா. நம்பர் எப்பவோ தேய்ஞ்சு போயிருந்துச்சு. உடனே கதவு மூலையில கிடந்த வெளக்கமாத்துல ஒரு குச்சியை உருவி, தரையில பாதத்தை ஊனி, குதிகால்ல இருந்து கட்டைவிரல் வரைக்கும் அளந்து ஒடிச்சுக் கொடுத்தா. சந்தைக்குப் போறவங்ககிட்டச் செருப்புக்கு அளவு கொடுத்தனுப்புறது அந்த வூட்ல அப்படித்தான். அவளுக்கு வேற எதுவும் தோணல. "இந்தாக்கா"ன்னு கையில திணிச்சுட்டு ஓடிட்டா. நின்னு சரிபார்க்கக்கூட இல்ல. அவ்வளவு நம்பிக்கை.

கோகிலவாணி அந்தக் குச்சியைத் தன் பாதத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா. கட்டைவிரலைத் தாண்டி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ராதிகா வாட்டசாட்டமான பொண்ணு, இவ ஒல்லிப்பிச்சான். அப்புறம் குச்சியைத் துண்டு துண்டா ஒடிச்சு ஜன்னல் வழியா வீசிட்டு, ஸ்கேலை எடுத்துத் தன் காலை அளந்தா.

தெரியாம செஞ்சிட்டான்னு நினைக்காதீங்க. தெரிஞ்சேதான் செஞ்சா. ராதிகாவுக்கு ஒத்து வரலன்னா அந்த போர்டு வேற எங்க போகும்? பக்கத்துல இருக்கிற பெரியப்பா வூட்டுக்குத்தானே வரும்?

பலகை தன் பாதத்துக்கு. அடியில வர்ற அச்சும் அதே அகலத்துக்கு. அச்சு வளைஞ்சு கொடுக்க நடுவுல ஒரு ரப்பர் உக்காரும். எடை கூடினவங்களுக்குக் கெட்டியா, குறைஞ்சவங்களுக்கு மெத்துன்னு. போன்ல மெத்துன்னு இருந்ததைத் தட்டினா. சக்கரம் தேடினப்பத்தான் கை கொஞ்சம் தயங்குச்சு. போட்டி நடக்கிற இடம் வழுவழுன்னு போட்ட தரை, அங்க சின்னதா, கெட்டியா இருக்கிற சக்கரம்தான் சரி. ஆனா இவ பெங்களூருக்கா போகப்போறா? இவளுக்கு விதிச்சது சொரசொரன்னு கிடக்கிற இந்தக் களம்தானே. பெரிய சக்கரமா, மிருதுவாப் பாத்து எடுத்தா. நிறத்தைக்கூட ராதிகாகிட்டக் கேக்கல. மயில் கழுத்து நீலம். எல்லாத்தையும் கோகுல்ராஜுக்கு அனுப்பிட்டு, "முடிஞ்சுதுண்ணா"ன்னு மெசேஜ் போட்டா.

பார்சல் வந்த ஞாயித்துக்கிழமை களம் காலியா இருந்துச்சு. பைக் ஸ்பேனரை வெச்சுக் கோகிலவாணியே பூட்டினா. ஒவ்வொரு நட்டும் இறுகறப்ப, ஐயோ, இது என் போர்டு, என் போர்டுன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. ராதிகாவோட அம்மா நிர்மலாதேவி சூடம் கொளுத்திக் காட்டிட்டு, புது வண்டிக்குச் செய்யறாப்ல எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில வைக்கப்போனாங்க.

"அம்மா, சக்கரமும் பழமும் ஒரே உசரம்மா, எங்க நசுங்கும்?"னு ராதிகா சிரிச்சா. பழத்தைக் காலாலயே மிதிச்சுட்டு ஏறினா.

நேரா போற வரைக்கும் ஒண்ணும் தெரியல. களத்து முனையில திரும்பறதுக்கு உடம்பைச் சாய்ச்சா பாருங்க, ரப்பர் அவ பாரத்துக்கு அப்படியே அமுங்கி, பலகை போய்ச் சக்கரத்து மேல உக்காந்துருச்சு. சக்கரம் கப்புனு நின்னுச்சு. ராதிகா முன்னாடி போய்ப் பொத்துனு விழுந்தா. முழங்கை சிராய்ச்சு ரத்தம்.

"அய்யய்யோ!"ன்னு முதல்ல ஓடினது கோகிலவாணிதான். ஓடினவ போர்டைத் திருப்பிப் பாத்தா, கீறல் எதுவும் விழுந்திருக்குதான்னு. அதுக்கப்புறம்தான் தங்கச்சி கையைப் பிடிச்சா. ராதிகா அதைப் பாத்துட்டா.

எந்திரிச்சு வந்தா. வலிக்குதுன்னுகூடச் சொல்லாம, பலகை மேல பாதத்தைக் குறுக்க வெச்சா. விரலும் குதிகாலும் ரெண்டு பக்கமும் தொங்குச்சு.

"அக்கா, நீ நில்லு."

"எதுக்குடி? முதல்ல கைக்கு மருந்து போடு."

"நில்லுக்கா."

நின்னா. அப்படியே பொருந்துச்சு. நிர்மலாதேவி வெள்ளந்தியா, "அட, கோகிலாவுக்கு அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்குதே!"ன்னாங்க. கோகிலவாணிக்குக் காது ரெண்டும் கொதிச்சுது. குனிஞ்ச தலை நிமிரல. திட்டட்டும், ஊரைக் கூட்டட்டும், அண்ணனுக்குப் போன் போடட்டும்.

ராதிகா திட்டல. துப்பட்டாவால ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டா.

"நீயே வெச்சுக்கக்கா. நான் பழசுலயே ஆடிக்கறேன்." கொஞ்ச தூரம் நடந்துட்டுத் திரும்பினா. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அண்ணன்கிட்ட ரெண்டா அனுப்பச் சொல்லியிருப்பேனே."

அதுல கோவம் இல்ல, குத்தல் இல்ல. நெசமாவே அப்படிச் செஞ்சிருப்பாங்கறது கோகிலவாணிக்கு நல்லாத் தெரியும். அம்மாவும் மகளும் வூட்டுக்குப் போயிட்டாங்க.

களத்துல அவ மட்டும். மெதுவா ஒரு தள்ளு தள்ளினா. நினைச்ச மாதிரியே ஓடுச்சு, நினைச்ச மாதிரியே திரும்புச்சு. போர்டும் கைக்கு வந்தாச்சு, இனி ராதிகாகிட்டப் பொறாமைப்பட என்ன மிச்சம் இருக்குதுன்னு பாத்தா, இருந்துச்சு. இவ்வளவு சுளுவா ஒருத்தியால தூக்கிக் கொடுத்துட்டுப் போக முடியுதே! அந்த மனசு தனக்கு இல்லையேன்னு கோகிலவாணிக்கு முன்னைவிடப் பொறாமையா இருந்துச்சு.