தோளில் பல்லி

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சிதம்பரநாதனின் அச்சாபீஸ் இருந்தது. வருஷம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் கேலண்டரும் அடிக்கிற இடம்தான். மாசி பிறந்தால் மட்டும் ஜன்னல்களுக்கு அட்டை அடித்துவிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் அங்கே அச்சாகிறது என்பது சந்துக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காகிதத்தைக் காப்பாற்றச் சிதம்பரநாதன் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்தத் தாளையும் அதன் பெயரால் சொல்லக்கூடாது. தமிழ் என்றால் கத்தரிக்காய், கணக்கு என்றால் முருங்கைக்காய், சரித்திரமும் பூகோளமும் சேர்ந்த தாள் புடலங்காய். வாசலில் அப்துல் கஃபார் காலையில் ஒரு சொல் கேட்பார். முந்தின நாள் முதலாளி காதோடு சொல்லி அனுப்பிய சொல் அது. மறந்துவிட்டு வந்தால் பெற்ற தாயானாலும் கதவு திறக்காது. எழுத்துக் கோக்கிற இரண்டு பேரும் பரீட்சை முடிகிறவரை உள்ளேயே சாப்பிட்டு உள்ளேயே தூங்கவேண்டும்.

தாளை மடித்து, உறையில் போட்டு, அரக்கு வைக்கிற பெண்களுக்கு மட்டும் அந்தச் சிறை கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஏனென்றால் அவர்களுக்கு எழுத்து தெரியாது. தெரியாதவளாகப் பார்த்துத்தான் எடுப்பார். தலைக்குள் எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாதே! பூட்டுகளிலேயே நல்ல பூட்டு அதுதான் என்று அவர் நம்பியிருந்தார்.

தங்கம் அங்கே நான்காவது வருஷமாக மடிக்கிறாள். மந்தைவெளியில் ஒற்றை அறைக் குடித்தனம். புருஷன் போன இடம் தெரியாது. ஒரே மகள் சரோஜாதேவி போன வருஷம் புடலங்காயில் எட்டு மார்க்கில் தவறிப்போனாள். இந்தத் தடவை தேறினால் நர்ஸ் படிப்பு. தேறாவிட்டால் தங்கத்தின் தம்பி கணேசமூர்த்தி காத்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், நாற்பதைத் தொடுகிறவன். "இன்னொரு தபா கோட்டு அட்ச்சிதுன்னா பொண்ண எனக்குக் குட்துடணும், ஆமா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தங்கமும் தலையை ஆட்டியிருந்தாள். வேறென்ன செய்வாள், வீட்டு வாடகைக்கு அவன்தானே ஜாமீன்.

இந்த நிலையில்தான் அவளுக்கு எழுத்து வந்து தொலைத்தது.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எழுபத்தொன்று, தேர்தல் வருஷம். மந்தைவெளியிலிருந்து கச்சேரி ரோடு வரை ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஆள் உயரத்துக்கு எழுத்து. போகிறவர் வருகிறவர் உரக்கப் படித்துக்கொண்டே போவார்கள். கேட்டதையும் பார்த்ததையும் அவள் மனசு தானாகச் சேர்த்து முடிந்துகொண்டது. ஒரு நாள் பஸ் பலகையைப் பார்த்தாள். அடையாறு என்றிருந்தது. நடுத்தெருவில் நின்று வாய்க்குள் சிரித்தாள். அடுத்த நிமிஷமே பயம் வந்தது. அச்சாபீஸில் தெரிந்தால் வேலை போய்விடுமே! மகளிடம் சொன்னால் அவள் வாய் ஊரெல்லாம் பேசும். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

வேலை தொடங்குகிற அன்று வழக்கமான சோதனை. பெண்களை வரிசையாக உட்கார வைத்து, முதலாளி ஓர் அட்டையை நீட்டினார்.

"இது என்னன்னு பாருங்க தாயி."

"ஐயே, எனக்கு உர்தூவே வராது, இதுல டமில் எங்கேந்து வரும் சாப்?" என்றாள் பக்கத்திலிருந்த ஜைதூன் பீ. எல்லாரும் சிரித்தார்கள்.

போன மூன்று வருஷமும் அந்த அட்டையில் தங்கத்துக்குத் தெரிந்தது கறுப்புக் கோடுகள்தான். இந்த முறை அது பேசியது: உன் தோளில் பல்லி.

தோள் கூசியது. கழுத்து தானாகத் தோள் பக்கம் திரும்பத் துடித்தது. அவள் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி, முதலாளி முகத்தையே பார்த்தாள்.

"இன்னா சாமி, படமா? ஒண்ணியும் புரிலியே."

"சரி தாயி. நல்லது."

பிறகு கற்பூரம் ஏற்றினார்கள். இங்கே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவரவர் பிள்ளைமேல் சத்தியம். ஜைதூன் பீ தன் பேரன் மேல் செய்தாள். தங்கம் சரோஜாமேல் செய்தாள்.

ஒன்பதாம் நாள் புடலங்காய் வந்தது. தங்கம் எழுத்தைப் பார்க்காமல் மடிக்கப் பார்த்தாள். கை போகிற இடத்துக்குத்தானே கண்ணும் போகும்? நூறு தாள், இருநூறு தாள். அந்த வரி மட்டும் ஒவ்வொன்றிலும் எழுந்து வந்தது. பருவக்காற்றுகள் எவ்வாறு உண்டாகின்றன? படம் வரைந்து விளக்குக. பதினைந்து மதிப்பெண்.

காற்றுப் பாடம். போன வருஷம் சரோஜா தொடாமல் விட்டு வந்து அழுத அதே பாடம்.

"இன்னா தங்கம், மூஞ்சி வெளுத்துப் போச்சி? ஜொரமா?" என்றாள் ஜைதூன் பீ.

"அரக்கு நாத்தம்க்கா. கொமட்டிக்கினு வருது."

சாயங்காலம் வீட்டில் சரோஜா வாசற்படியில் உட்கார்ந்து அரசர்களின் வருஷங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கம் அரிசி களைந்தபடி மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏ சரோஜா, போன வருசம் ஒண்ண உட்டுட்டு வந்து அயுதியே, அத்த பட்ச்சிட்டியா?"

"காத்தா? அது வராதும்மா. போன வருசம் வந்தது இந்த வருசம் எப்டி வரும்? டீச்சரே அட்ச்சி சொல்லிட்டாங்க."

"சும்மா ஒரு தபா பாத்து வெச்சிக்கோயேன்."

"நீ வேற! கேலண்டர் மடிக்கப் போறவளுக்கு பூகோளம் இன்னாத்துக்கு? சோத்தப் பாரும்மா."

தங்கம் அரிசிப் பானையைக் கீழே வைத்தாள். ஓடிப்போய் மகள் தலையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு ஏதும் இருக்கிறதா என்று. இருக்கவில்லை. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் இருக்குமோ என்று பயம். யாரைக் காப்பாற்ற வாயைத் திறக்கவேண்டுமோ, அவள் தலைமேலேயே அல்லவா வாயைக் கட்டி வைத்திருக்கிறாள்!

மறுநாள் காலையில் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, விரித்து, டிரங்குப் பெட்டிமேல் வைத்தாள். மூடிக்கொள்ளாமலிருக்க எண்ணெய் பாட்டிலைப் பாரமாக வைத்தாள். சரோஜா வந்தாள். எண்ணெயைத் தடவிக்கொண்டாள். புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டுச் சடை போட்டுக்கொண்டாள். அதற்குமேல் என்ன செய்வது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை, பாவம்.

பரீட்சை அன்று அரை நாள் விடுப்பு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் கணேசமூர்த்தி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வெள்ளை வேட்டியில் நின்றிருந்தான். மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சரோஜா கடைசியில் வந்தாள்.

"காத்து வந்துடுச்சும்மா."

தங்கம் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தாள்.

"பதினஞ்சு மார்க்கு. வெறும் தாளா வுட்டுட்டேன்." உதடு கோணியது. "ஆமா, நீ அன்னிக்குக் கேட்டியே. உனக்கு எப்டிம்மா தோணுச்சி?"

"பெத்தவளுக்குத் தோணாதா?" என்றாள் தங்கம். குரல் அவளுடையதாகவே இல்லை.

சரோஜா கேள்வித்தாளை அவள் கையில் கொடுத்தாள். எத்தனையோ நாள் பழக்கம், தங்கம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நடுவில் அவள் கை விட்ட மடிப்பு. அதற்குக் கீழே அந்த வரி, தலைகீழாகவும் தெளிவாகத்தான் தெரிந்தது.

"தலகீயா புட்ச்சிக்கினு கீற பாரு. இப்டி நேரா புடி" என்று மகள் திருப்பிக் கொடுத்தாள். "பாஸ் மார்க்கு வந்துடும் இல்லம்மா?"

"வரும் கண்ணு. வரும்."

சரோஜா தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதிரே கணேசமூர்த்தி டீ டம்ளரை வைத்துவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தினான். தோள் மெல்ல ஈரமாகிக்கொண்டு வந்தது. தங்கம் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள்.