சைலன்சரில் ஒட்டியிருந்தது

1

"ஏனுங் பெரியப்பா, ஒத்தச் செருப்பை எடுத்துட்டுப் போனவங்களுக்கு ஒத்தக் கால்தானுங்களா?"

பங்குனித் தேர் பார்த்துவிட்டு பேரூர் கோயில் வாசலுக்கு வந்தபோது என் தம்பி மகள் லோகப்பிரியா கேட்டாள். அவளுடைய ரோஸ் நிறச் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. தார் கொதித்தது. செருப்புள்ள காலில் நின்று மற்றதை மடக்கித் தூக்கியிருந்தாள். அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். அவள் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: "தொண்டாமுத்தூர் மலையடிவாரத்தில் மாலைச் சூரியன்…" வேண்டாம். ரப்பர் கருகும்போது யாரும் மலையைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது: தேங்காய் ஏற்றிய தன் பிக்கப் வண்டியை, போத்தனூரில் முஜீப்பின் பட்டறை வாசலில் நிறுத்தினார் நஞ்சுண்டன்.

"பாய், பேரூர் தாண்டுனதுல இருந்து ரப்பர் கருகற வாடை. மூச்சே உட முடியலீங்க."

முஜீப் பானெட்டைத் திறந்தார். "பெல்ட் நல்லாத்தான் இருக்குதுங்ணா. கிளட்ச்னா வாடையே வேற." நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். "பிரேக் புடிச்சிருந்தா கொதிக்கும். அதுவும் இல்லீங்க."

"அப்ப என்ற மூக்குதான் கெட்டுப்போச்சுங்களா?"

"அதைக் கழட்டிப் பாக்க என்கிட்ட ஸ்பேனர் இல்லீங்ணா."

சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போன முஜீப், சிரிக்காமல் வெளியே வந்தார். இடுக்கியில் ஏதோ பிடித்திருந்தார். ஒரு குழந்தையின் செருப்பு. பாதி உருகிக் கருகியிருந்தது. வாரில் ஒட்டிய பிளாஸ்டிக் பூ மட்டும் அப்படியே இருந்தது.

"சைலன்சர்ல ஒட்டியிருந்துச்சுங்க. வழியில எங்காச்சும்… எதாச்சும் தட்டுச்சுங்களா?"

நஞ்சுண்டன் அந்தப் பூவையே பார்த்தார். "ஒரு எடத்துல தூக்கிப் போட்டுச்சுங்க. குழின்னு நெனச்சு… வந்துபோட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முஜீப் அவர் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பட்டறை ஷட்டரை இறக்கினார். "எந்திரிங்ணா. என்ற பைக்குல போயிப் பாப்போம். அடிபட்டுக் கெடந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிரலாம்."

3

சாலையோரம் ஒரு கூட்டம். கூட்டத்தின் நடுவே, துண்டு போர்த்திய ஒரு

இந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை. அழிக்கவும் இல்லை. நஞ்சுண்டன் அந்த நேரத்தில் மனதுக்குள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் பார்க்க வேண்டும். (என் மனம் இளகியது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தால் அது உங்களை ஏமாற்றுவது. செருப்பு அங்கே வந்ததற்கு ஒரு காரணம் வேண்டும். இருக்கிறது.)

4

பைக்கில் ஏறும் முன் நஞ்சுண்டன் மனைவிக்கு போன் செய்தார். அடுத்தவர் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார்.

"பூவாத்தா… நான் ஒரு கொழந்தைய ஏத்திப்போட்டேன் போல இருக்குது. வண்டிக்கடியில சின்னப் புள்ள செருப்பு…"

பூவாத்தாள் குறுக்கே கேட்டாள், "ஏனுங்க, ரோஸ் கலருங்களா? பூ வெச்சதுங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நாந்தானுங்க கட்டினேன்.* பின்தட்டுக்கு அடியில. தெரிஞ்சா ஏசுவீங்கன்னு சொல்லலீங்க."

* திருஷ்டிக்காக வண்டியில் செருப்பு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். கடவுளை நம்புகிற எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க மனம் வருவதில்லை.

குழியில் வண்டி குதித்தபோது கயிறு தளர்ந்து, செருப்பு சூட்டுக் குழாயில் சாய்ந்திருக்கிறது. பக்கத்திலிருந்து கேட்ட முஜீப் "அல்ஹம்துலில்லா" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். இடுக்கியாலேயே ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டி எடுத்து, மிச்சக் கயிற்றையும் அறுத்தார். வாடை போய்விட்டது.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நஞ்சுண்டன் போனை வைக்கவில்லை.

"ஏது அந்தச் செருப்பு?"

"பேரூர்த் தேரப்ப, ஒத்தையாத் தள்ளிக் கெடந்துச்சுங்க. யாருக்கும் ஆகாதுன்னு எடுத்தேன்."

கருகிய செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் நஞ்சுண்டன்.

"அப்ப, அந்தப் புள்ள எப்படி ஊடு போச்சு அம்மணி?"

5

இந்தக் கேள்வியை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எழுதிவிட்டு அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். திருடியைத் தேடிப் போனேன். கணவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமென்று பயந்த ஒருத்தி நிற்கிறாள், இரண்டு கால்களோடு.

முடிவு ஒன்று: பூவாத்தாள் லோகப்பிரியாவைக் கண்டுபிடிக்கிறாள். தேருக்கு வந்த அத்தனை குழந்தைகளில் எப்படி?

முடிவு இரண்டு: உண்டியலில் ஏதோ போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறாள். தாரில் வெறுங்காலோடு நின்றது சாமியா?

முடிவு மூன்று: நடை சாத்திய உச்சி வெயில். கோயில் வாசலில் ஈ காக்கை இல்லை. பூவாத்தாள் வருகிறாள், கையில் காகிதம் சுற்றிய ஒரு ஜோடி புதுச் செருப்பு. ரோஸ் நிறம். எந்தக் குழந்தைக்கும் ஆகட்டும் என்று எடுத்திருக்கிறாள். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறாள்.

நானும் நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இது சரியில்லை. இறைவன் பார்ப்பான், அவளுக்கு அது போதும். நாம் கோபுரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வோம். அந்தச் செருப்பு எந்தக் காலுக்குப் போகும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

திரும்பும் முன் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டேன். செருப்பு சூடாகாமல் இருக்க, நிழலுள்ள இடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.