சமாதானத்துக்கு ஒரு சண்டை தேவை

தேன்மொழி வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுடைய அம்மா செல்லமும் பக்கத்து வீட்டு ரீத்தாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பல மாதங்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். நல்ல மகள் என்றால் மகிழ்ந்திருப்பாள். தேன்மொழி வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் அரசியல் அறிவியல் மாணவி; சர்வதேச அரசியல் அவளுடைய சிறப்புப் பாடம். விரிவுரையாளர் ரூபேந்திரன் ஒரு வேலை கொடுத்திருந்தார். நடப்பில் இருக்கும் ஒரு தகராறில் மத்தியஸ்தம் செய்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வரவேண்டும். ஒப்புதல் வாங்கிய தலைப்பை மாற்ற முடியாது. தேறாதவர்களுக்கு, வகுப்பே காத்திருக்கும் ஜகார்த்தா பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு கிடையாது.

தேன்மொழியின் தலைப்பு, அவர்கள் குடியிருக்கும் கெலாங் பாத்தா வரிசை வீடுகளில் ரீத்தாவின் கார் செல்லத்தின் வாசலை மறிப்பது. 'எல்லைத் தகராறு' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தத் தகராறுதான் இப்போது சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா ராசியானீங்க?" என்று ரீத்தா போனதும் கேட்டாள்.

"நேத்து தண்ணி கட் ஆச்சுல்ல. அவங்க டேங்க்லேர்ந்து ஹோஸ் போட்டுக் குடுத்தாங்க. காரையும் தள்ளிப் போட்டுட்டாங்க. நல்ல மனுசி லா."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

"என்னாது?"

"ஒண்ணுமில்ல."

வகுப்புத் தோழன் எல்வினை அழைத்தாள். திடலை யார் எப்போது பயன்படுத்துவது என்று மோதிக்கொள்ளும் இரண்டு பந்துக் குழுக்கள் அவனுடைய தலைப்பு.

"என் ஆளுங்க இன்னிக்கும் அடிச்சிக்கிட்டாங்க" என்றான் பெருமையாக. "உன் ஆளுங்க?"

"சமாதானமாயிட்டாங்க."

"அலமாக்! இப்ப என்னா செய்யப் போற?"

"மறுபடி சண்டை வரணும்."

"மூட்டி விடு. பெரிய நாடுங்க செய்யாததா?"

மறுநாள் ரீத்தா ஒரு டப்பா நிறைய கோழிப் பெரட்டல் கொடுத்தனுப்பினார். அந்த வரிசையில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. பலகாரமோ குழம்போ வந்த டப்பா வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். வெறும் டப்பா வந்தால், இனி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று பொருள்.

செல்லம் கேசரி கிண்டினார். முந்திரியைத் தாராளமாகப் போட்டு, டப்பாவை நிரப்பி மகளிடம் கொடுத்தார்.

தேன்மொழி வெளியே போய், தங்கள் காருக்குப் பின்னால் குந்தி, கேசரி முழுவதையும் தின்றாள். வெளிக்குழாயில் டப்பாவைக் கழுவித் துடைத்து ரீத்தாவின் கதவைத் தட்டினாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க ஆண்ட்டி."

டப்பா கனமில்லாததைக் கை உணர்ந்ததும் ரீத்தாவின் சிரிப்பு நின்றது. "வேற ஏதும் சொன்னாங்களா?"

"இல்ல ஆண்ட்டி."

சொன்ன இரண்டிலும் பொய் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காலையில் ரீத்தாவின் கார் பழையபடி வாசலை மறித்து நின்றது.

"கேசரிய வாங்கித் தின்னுட்டு இப்படியா?" என்று செல்லம் கொதித்தார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஹாரன் அடித்தும் திட்டி முடித்த பிறகுதான் ஏறினார்.

வியாழன் மாலை, முக்குக் கடையில் பேச்சுவார்த்தை. இருவருக்கும் பொதுவான இடம். 'பிள்ளையோட படிப்புக்காக' என்றுதான் இருவரும் வந்தார்கள். தேன்மொழி உடன்படிக்கைத் தாளை மேசையில் வைத்து, பாடத்தில் சொன்னபடி ஆரம்பித்தாள்.

"ஒருத்தர் குறைய சொல்லும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது. ஆண்ட்டி, நீங்க சொல்லுங்க."

"என்னா சொல்றது? நான் பெரட்டல் குடுத்தேன். வெறும் டப்பா திரும்பி வந்துச்சு. நான் என்னா பிச்சக்காரியா?"

"வெறும் டப்பாவா?" செல்லம் விதியை மறந்து எழுந்துவிட்டார். "ரீத்தா, டப்பா நிறைய கேசரி வெச்சு அனுப்பினேன்!"

பேச்சுவார்த்தையில் மௌனம் நல்ல அறிகுறி என்று தேன்மொழி படித்திருந்தாள். இந்த மௌனம் அந்த வகையாகத் தெரியவில்லை. இருவரும் அவளையே பார்த்தார்கள்.

"தேனு" என்றார் செல்லம், மிக மென்மையாக. "கேசரி எப்படிடி இருந்துச்சு?"

"சீனி கொஞ்சம் தூக்கலா..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீ போய் அந்த மேசையில உக்காரு" என்றார் ரீத்தா. "பெரியவங்க பேசணும்."

தூரத்து மேசையிலிருந்து அவள் பார்த்தாள். முதலில் தலைகள் ஒன்று சேர்ந்தன. பிறகு ரொட்டி வந்தது. பிறகு இருவரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கூப்பிட்டபோது தாளில் அவள் எழுதியதெல்லாம் அடிக்கப்பட்டிருந்தது. புதிய விதிகள் இரண்டுதான். ஜகார்த்தா போகும்வரை ஞாயிறுதோறும் இரண்டு வீட்டுக் காரையும் தேன்மொழி கழுவ வேண்டும். நடந்ததை வகுப்பில் அவளே சொல்ல வேண்டும்.

"முடியாதுன்னா?"

"கையெழுத்து கெடையாது" என்றார் ரீத்தா.

"இது மிரட்டல் ஆண்ட்டி."

"நீதானம்மா இதப் படிக்கிற. உனக்குத்தான் பேரு தெரியும்."

இருவரும் கையெழுத்திட்டார்கள். மத்தியஸ்தர் என்ற சொல்லை ரீத்தா அடித்துவிட்டு, 'தோற்ற தரப்பு' என்று எழுதி அங்கே அவளைக் கையெழுத்திடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ரூபேந்திரன் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது யாரு?" என்றார். தேன்மொழி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ரூபேந்திரன்தான். சிரித்து முடித்து, தேறுவதற்கு எவ்வளவு மதிப்பெண் போதுமோ அதை மட்டும் போட்டார்.

ஞாயிறு காலை வாளியோடு அவள் வெளியே வந்தபோது இருவரும் நடுச்சுவரில் சாய்ந்து காத்திருந்தார்கள்.

"செல்லம்க்கா காரு மொதல்ல" என்றார் ரீத்தா.

"அதெப்படி, உங்க காருதான் மொதல்ல."

"நீங்க மூத்தவங்க."

"யாரு மூத்தவ? என்னைப் பாத்தா கெழவி மாரியா இருக்கு?"

குரல்கள் உயர்ந்தன. ரீத்தா தேன்மொழியின் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா" என்றார்.

தேன்மொழி வாயைத் திறக்கவில்லை. குழாயைத் திறந்தாள்.