பேட்டரி மேல் சந்தனம்

தீபாவளிக்கு முந்தி ஆயில் மாற்றுவதற்காகக் காரைக் காளிதாசிடம் விட்டேன். திரும்பி வந்ததிலிருந்துதான் அது காலையில் அடம்பிடிக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். இப்போது 'உர்... உர்...' என்று இழுக்கிறது. ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிகிற விளக்கு மங்கிப் போய், அணைந்துவிடுமோ என்று நான் பயப்படும்போதுதான் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும்.

காளிதாஸ் எங்கள் பின் வரிசை வீட்டுக்காரன். குருபோங்கில் ஒரு கார் பட்டறையில் வேலை. சாயங்காலம் தன் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றுவான். அவன் அப்பா கந்தசாமியும் நானும் ஒரே ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டினோம். எஸ்டேட்டை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், தங்கா பத்துவுக்குக் குடிவந்ததும் ஒன்றாகத்தான். இந்த வருஷம் சித்திரையில் கந்தசாமி போனபோது பாடையின் முன்பக்கம் என் தோளில் இருந்தது. துக்க வீடு என்பதால் அவர்களுக்கு இந்த வருஷம் எந்த விசேஷமும் கிடையாது. தீபாவளி முறுக்கைக்கூட என் மனைவி ராஜம்மாதான் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

எனக்குக் குருபோங் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றும் வேலை, ஏஜென்ட் மூலமாக. கார் இப்படி இழுத்ததில் பல நாள் தாமதம். சூப்பர்வைசர் தினேஷ்வரன் நம் தமிழ்ப் பையன்தான். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டான்.

"அங்கிள், இன்னொரு தடவ லேட்டுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது லா. மேல கேக்கறாங்க. ஏஜென்ட் வேற ஆள அனுப்பிருவான்."

அன்று மாலையே காளிதாசைக் கூப்பிட்டேன். அவன் காரின் முன்மூடியை, பொன்னட்டைத் திறந்து, பேட்டரி முனைகளில் சுடுதண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்தான்.

"இதான் மாமா, முனையில பூத்துப் போயிருக்கு. கழுவுனதுல ஆயுத பூஜைக்கு அத்தை வெச்ச சந்தனமும் போயிருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"சாமி கோச்சுக்காதுடா. காடி கெளம்புனா போதும்."

மறுநாளும் அதே இழுப்பு. வந்து எர்த் வயரைக் கழற்றிப் புதிதாகப் போட்டான். அப்புறம் ஸ்டார்ட்டரையே பிரித்து உள்ளே இருந்த கரித் துண்டை மாற்றினான். எதற்கும் அந்த இழுப்பு போகவில்லை.

"பேட்டரியா இருக்குமாடா? ஆயர் குரோ பேட்டரிக் கடையில கொண்டுபோய்க் காட்டட்டுமா? சும்மாவே டெஸ்ட் பண்றாங்களாம்."

"புதுசு போட்டு மூணு மாசம் ஆவல, அதப் போயி நோண்டுவாங்களா? காடிக்கு வயசாச்சு மாமா. நீங்க காலையில எந்திரிக்கிறப்ப முனகுறதில்லயா? அதுவும் முனகுது, அவ்வளவுதான்."

ராஜம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

ஒரு திங்கட்கிழமை விடியலில் அந்த முனகலும் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். காளிதாசுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு கைலியில் வந்தான். தன் காரை என் காருக்கு எதிரே மூக்கோடு மூக்காக நிறுத்தினான்.

"ஜம்பர் வயர் கொடுத்தா எடுத்துரும். நீங்க உள்ள ஒக்காருங்க மாமா, நான் மாட்டிக்கறேன்."

இருட்டாக இருக்கிறதே என்று நான் டார்ச் லைட்டோடு போய் நின்றேன். அவன் தன் பொன்னட்டைத் தூக்கினான். வெளிச்சம் நேராகப் பேட்டரி மேல் விழுந்தது.

பேட்டரி மேல் சந்தனப் பட்டை. காய்ந்து வெடித்த மூன்று கோடு, நடுவில் குங்குமம். மூன்றாவது கோடு மட்டும் குட்டை.

எங்கள் வீட்டு வாசல் நிலையில், கேஸ் சிலிண்டர் தோம்பில், என் காருக்குள் சாமி படத்தில் எல்லாம் அந்தப் பட்டை இருக்கிறது. எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் உருட்டும் மிஷினில் ராஜம்மாவின் மோதிர விரல் நுனி போய்விட்டது. அவள் பட்டை இழுத்தால் கீழ்க்கோடு பாதியில் நின்றுவிடும்.

"யாருடா ஒன் காடிக்குப் பூஜை போட்டது?" என்றேன். "அப்பன் செத்த வருஷத்துல?"

அவன் கையிலிருந்த வயர் அப்படியே நின்றது.

"அது... போன வருஷம் அம்மா வெச்சது மாமா."

சோற்று டப்பாவோடு வெளியே வந்த ராஜம்மா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒங்கம்மாவுக்கும் வெரலு போயிருச்சாடா?"

அவன் தலை நிமிரவில்லை. மெதுவாகச் சொன்னான். "நீங்க ஆயில் மாத்த விட்டப்ப என்னோட பேட்டரி செத்துக் கெடந்துச்சு மாமா. காடி நின்னா என் பொழப்பு நின்னுரும். ஒங்களுக்குச் சீக்கிரம் வேற வாங்கிப் போட்டுரலாம்னுதான்..."

"அப்ப அந்த ஸ்டார்ட்டரப் பிரிச்சது?"

கெடாத ஸ்டார்ட்டரை எனக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்திருக்கிறான். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்திருக்கிறேன். முனகல் கதையைச் சொல்லி என்னையே சிரிக்க வைத்திருக்கிறான்.

"வயரு மாட்டிர்றேன் மாமா. இப்ப வேலைக்குக் கெளம்புங்க, நேரமாவுது. சாயந்தரம் பேசிக்கலாம்."

அவன் சொன்னது சரிதான். வயர் கொடுத்தால் உடனே கிளம்பிவிடலாம், வேலைக்கும் நேரத்தில் போய்விடலாம். ஆனால் என் பேட்டரியிடமே பிச்சை வாங்கி என் காரைக் கிளப்பிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

"ஸ்பேனரக் குடு."

அவன் கழற்ற வந்தான். "தொடாத" என்றேன். நானேதான் கழற்றினேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, நட்டு துருப்பிடித்திருந்தது, கை வழுக்கி விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. ராஜம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் காரிலிருந்த அவன் பேட்டரியைத் தூக்கி அவன் காலடியில் வைத்தேன். என்னுடையதை மாட்டி முடித்தபோது நன்றாக விடிந்துவிட்டது.

சாவியைத் தொட்டேன். உடனே பிடித்துக்கொண்டது. இழுப்பும் இல்லை, முனகலும் இல்லை.

தொழிற்சாலைக் கேட்டில் தினேஷ்வரன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே என் இடத்தில் வேறொரு ஆள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஏன் அங்கிள்? காடி மறுபடியும் மக்கரா?"

"இல்லப்பா. காடி இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் பழைய நேரத்துக்கே எழுந்துவிடுகிறேன். காரில் உட்கார்ந்து ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுகிறேன். பின் வரிசையில் காளிதாஸ் வீட்டுக்குக் கேட்கிற அளவுக்கு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். அங்கே விளக்கு எரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வருகிறேன்.