ஹினோகுராவில் இடவலம்

2009ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், சனிக்கிழமை காலை, மூவர் புறப்பட்டோம்: தெருச் சங்கத் தலைவியாகிய நான், சோபா நூடுல்ஸ் கடை நடத்தும் கென்ஸோ, எதிர்வீட்டு ஃபுமியே. ஜப்பானிய மலையூரான எங்கள் ஹினோகுராவின் ஏழு கோயில்களையும் ஒரே நாளில் நடந்து சுற்றும் சங்கப் பயணத்துக்கு வழி வகுப்பதே எங்கள் வேலை.

ஃபுமியேயின் கணவர் தோகுஜி, முந்தைய இலையுதிர்காலத்தில் காளான் பறிக்க மலையேறியவர், திரும்பவில்லை. உடலைக் காணாமல் ஈமச்சடங்கு செய்யமாட்டேன் என்று அவள் ஓராண்டாக மறுத்துவந்தாள்.

கோயில்களை வலமாகச் சுற்றுவதே வழக்கம். இடமாகச் சுற்றினால், அவ்வழியில் வலமாக ஓயாமல் நடக்கும் இறந்தவர்கள் எதிர்ப்படுவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. இம்முறை இடமாகச் சுற்றலாமா என்று ஃபுமியே கேட்டாள். செங்குத்துப் படிகளை ஏறாமல் இறங்கிவிடலாம் என்பதால் நானும் இசைந்தேன். நம்பிக்கையை நான் பொருட்படுத்தவில்லை.

"இப்படிச் சுத்துனா மத்தியானம் சரியா என் கடை வாசல்ல வந்து நிப்போம், அக்கா," என்றான் கென்ஸோ.

"உன் கல்லாப்பெட்டிக்காகவா வழி போடறோம்? பேசாம நட."

நான்காம் கோயிலுக்குப் பின்னால், தேவதாரு மரங்களுக்கிடையே பனி இறங்கியிருந்தது. வெள்ளுடை யாத்திரிகர் சிலர் எதிரே வந்தனர். கென்ஸோ வணக்கம் சொன்னான்; ஒருவரும் தலை நிமிரவில்லை.

"வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ?" என்று முணுமுணுத்தவன், சட்டென்று என் கையைப் பற்றினான். "அக்கா, சட்டையைப் பாருங்க."

மார்பின் குறுக்கே மடித்துக் கட்டும் அந்தச் சட்டையை, உயிரோடிருப்பவர் இடமுனையை மேலே வைத்து உடுத்துவர். வலமுனை மேலே வருவது பிணத்துக்கு மட்டுமே. அவர்கள் எல்லோருக்கும் வலமுனை மேலே இருந்தது. சருகின்மேல் நடந்தும் அவர்கள் காலடியில் ஓசையில்லை.

கடைசியாக வந்தவர் இடக்காலை இழுத்து நடந்தார். தோகுஜியின் நடை அது. ஃபுமியே ஓடிப்போய் வழிமறித்தாள்.

"ஏங்க, இப்படியா உடுத்தறது? இதைக்கூட நான்தான் சொல்லணுமா?"

முடிச்சை அவிழ்த்து, இடமுனையை மேலே இழுத்துக் கட்டினாள். கையை எடுத்ததும் வலமுனை தானாகவே மேலேறிப் படிந்தது. மீண்டும் கட்டினாள். மீண்டும் படிந்தது. அவர் அசையாமல் நின்றார். தொப்பியின் நிழலில் முகம் தெரியவில்லை.

"ஃபுமியே, கையை எடு. இங்க வா," என்றேன்.

அவள் வரவில்லை. இன்னொரு முறை கட்டிப் பார்த்தாள். பிறகு துணியை அதன் போக்கிலேயே விட்டு, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"சரி, அப்படியே இருக்கட்டும். குளிருது, நின்னுட்டே இருக்காதீங்க. போங்க."

விலகி நின்று குனிந்து வணங்கினாள். அவர் மற்றவர்களைப் பின்தொடர்ந்து பனிக்குள் சென்றார். அவள் விரல்கள் அன்று மாலைவரை சூடேறவில்லை.

மறுநாள் சங்கம் கூடி முடிவு செய்தது: பயணம் வழக்கம்போல் வலமாகவே நடைபெறும். ஏழாம் கோயிலில் தோகுஜிக்கு ஈமச்சடங்கு நடத்தப்படும். அப்படி நடத்தச் சொன்னவள் ஃபுமியேதான். எல்லோரும் மெதுவாக நடக்க வேண்டும். முன்னால் வெள்ளுடையில் எவரேனும் தென்பட்டால், அவரை முந்தலாகாது.