அடியில் வண்டல் இல்லை

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள் பூட்ஸ் சேற்றோடு மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டிருக்க, வாலென்ட்டி மட்டும் தேன்மது பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். செத்துப்போன தங்கச்சி மெலானியாவின் பழைய பாட்டில்தான். ஆனால் அடியில் வண்டல் இல்லை. அவள் போட்டதென்றால் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். இது லூப்ளின் நகரத்துக் கடைச் சரக்கு.

செத்தவர் கையால் போட்டதைத்தான் சாவுச் சாப்பாட்டில் ஊற்றுவார்கள். கடையில் வாங்கி ஊற்றினால் செத்தவளுக்குக் கேவலம். வாலென்ட்டி நேராக அடுக்களைக்குப் போனார். மெலானியாவின் மருமகள் டனுத்தா பீட்ரூட் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என் தங்கச்சி போட்டதெல்லாம் எங்க? வித்துட்டியா?"

"மெதுவாப் பேசுங்க மாமா. பாதிரியார் இருக்கார்."

"அவரும் கேக்கட்டும். வருசா வருசம் ரெண்டு வாளி தேன் குடுத்தேன். இந்தச் சர்க்கரைத் தண்ணியக் குடிக்கவா?"

அவள் குவளையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். "குடிச்சுட்டுத் திட்டுங்க."

குடித்தார். போன கிறிஸ்துமஸுக்கு மெலானியா ஜாடியில் கொண்டுவந்து ஊற்றியது இதே ருசிதான். 'கடையில இப்படிக் கெடைக்குமா' என்று மேசையைத் தட்டியவர் அவர்.

"அத்தை அப்பவே கடையிலதான் வாங்குனாங்க. கடை பாட்டில உங்க கண்ணுல காட்ட மாட்டாங்க. அதான் ஜாடி."

"பொய். நிலவறைச் சாவியக் குடு."

கீழே மெலானியா மது போடும் பீப்பாய் காய்ந்து, பலகைகள் விலகிக் கிடந்தது. அதன் பின்னால் அவருடைய வாளிகள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினான்கு. ஒரு மூடியை நெம்பினார். தேன் வெண்ணெயாக உறைந்திருந்தது. விரலே பட்டதில்லை.

"அத்தைக்கு முதுகு போயி ஏழு வருசமாச்சு," படியில் நின்றபடி டனுத்தா சொன்னாள். "வாளி தூக்க, வடிக்க, ஒண்ணும் முடியல. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டாங்க. தேன் வேணாம்னா அண்ணன் வர்றத நிறுத்திடுவார்னு."

வாலென்ட்டி மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்கினார்.

மேலே வந்தபோது பக்கத்து வீட்டு சிக்மன்ட் குவளையை மூக்கருகே வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். "என்னப்பா வாலென்ட்டி, இம்புட்டுத் தெளிவா இருக்கு? மெலானியா போட்டதுதானா?"

"பின்ன உன் பொண்டாட்டியா போட்டா? குடி."

சிக்மன்ட் குடித்தார். அது தொண்டையில் இறங்கும்வரை வாலென்ட்டி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.